ஒற்றியூர் நடை

சென்னை ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவிலிருந்து திருவொற்றியூர் அருள்மிகு தியாகராஜ சுவாமி திருக்கோயிலுக்கு இன்றைய சாலைக் கணக்கில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். போய்வர 16. வள்ளலார் இராமலிங்க அடிகள் இளமைக் காலத்தில் இந்த வழியை நடந்தே கடந்தார். 12-ஆம் வயதில் தொடங்கிய ஒற்றியூர் வழிபாடு, 1858-இல் அவர் சென்னையை விட்டுப் புறப்படும் வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள் நீடித்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஒருநாள் இரவு வெகுநேரங்கழித்துத் திரும்பியவர், வீட்டாரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்துறங்கினார். அப்போது வடிவுடையம்மை அண்ணியாரின் உருவில் வந்து அமுதூட்டிச் சென்றாள். அடியார்கள் இன்றும் உருகிச் சொல்லும் நிகழ்ச்சி அது. வடிவுடை மாணிக்கமாலை பிறந்தது இந்த நடையின் பயனாகவே என்றுகூடச் சொல்லலாம்.

அடிகளார் நடந்த காலத்தில் இந்தப் பகுதியின் முகம் வேறு. ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கால்நடை, மாட்டு வண்டி, பல்லக்கு ஆகியவையே வழி. இன்று மெட்ரோ ரயில் ‘திருவொற்றியூர் தேரடி’ என்ற பெயரிலேயே நிலையம் வைத்து, அன்பர்களைக் கோயிலுக்கு அருகிலேயே இறக்கிவிடுகிறது. முதியவர்களுக்கு இது பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வாகனம் வாசல்வரை வந்த பிறகு கால்கள் தங்கள் தொழிலை மறந்துபோகின்றன. அறுபதைக் கடந்த பலர் கோயில் வாசலில் இறங்கிய பிறகு எதிர்கொள்ளும் சோதனை வேறு வகையானது. உயர்ந்த வாசற்படியைத் தாண்ட ஒரு கை தேவைப்படுகிறது. கொடிமரத்தடியில் விழுந்து வணங்கினால் எழுந்திருக்க இன்னொரு கை தேவைப்படுகிறது. பிராகாரத்தை ஒருமுறை வலம் வந்ததும் திண்ணையைத் தேடுகிறது உடம்பு. பக்தி குறையவில்லை; முழங்கால்தான் முந்திக்கொண்டு ஓய்ந்துவிட்டது.

‘கால் நன்றாக இருக்கும்போதே தரிசனம் செய்துவிட வேண்டும்’ என்பது முதியவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல். அதைச் சற்றே திருப்பி, தரிசனம் செய்வதற்காகவே காலை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணுவோர் குறைவு. உடற்பயிற்சி என்றால் இளைஞர்களின் வேலை, இரும்புக் குண்டுகளும் கண்ணாடிச் சுவர்களும் உள்ள கூடங்களின் வேலை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. வடசென்னையில் அந்த எண்ணத்துக்குக் காரணமும் உண்டு. குத்துச்சண்டைப் பரம்பரைகள் கொடிகட்டிப் பறந்த மண் இது. அங்கே உடற்பயிற்சி என்பது களத்தில் இறங்கும் வாலிபர்களின் சொத்தாகவே கருதப்பட்டது. ஆனால் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோக நெறிக்கே ஒதுக்கி, உடம்பைப் பேணும் வழிகளையும் அதில் வைத்தார். வள்ளலாரும் ‘நித்திய கரும விதி’ என்று துயில் எழுவது, உண்பது, உறங்குவது வரை ஒழுங்கு வகுத்தார். உடம்பை இகழ்ந்து ஒதுக்குவது நம் பெரியோர் காட்டிய வழி அன்று.

சங்கல்பம் என்னும் அளவுகோல்

இலக்கு வைத்து உழைக்கும் முறையை நிர்வாகத் துறை வல்லுநர்கள் இந்த நூற்றாண்டில் பெரிதாகப் பேசுகின்றனர். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். இலக்கு குறிப்பானதாக இருக்கவேண்டும், அளக்கக்கூடியதாக இருக்கவேண்டும், இன்னார் செய்யவேண்டும் என்று வரையறுக்கப்படவேண்டும், கைகூடக்கூடியதாக இருக்கவேண்டும், காலவரம்பு உள்ளதாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் பல்லாண்டுகளாக இது ஒரு மந்திரம்போல் ஓதப்பட்டு வருகிறது.

இல்லத்தில் பூஜையில் அமரும் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. சங்கல்பத்தில் முதலில் ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை சொல்லப்படுகின்றன. பிறகு செய்பவரின் கோத்திரமும் பெயரும் வருகின்றன. அதன்பின் எதற்காக, எந்தப் பூஜை என்று தெளிவாகக் கூறப்படுகிறது. காலம், செய்பவர், செயல், பயன் ஆகியவை உறுதி செய்யப்பட்ட பிறகே நீர் வார்க்கப்படுகிறது. ‘ஏதோ முடிந்தபோது ஒரு பூஜை செய்கிறேன்’ என்று எவரும் சங்கல்பம் செய்வதில்லை. உடல்நலத்தைப் பற்றிய பேச்சில் மட்டும் ‘இனிமேல் கொஞ்சம் நடக்கவேண்டும்’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு, அது நடக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

எழுபது வயதைத் தொட்ட அம்மையார் ஒருவர் பௌர்ணமியன்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என மூவரையும் போற்றி, வடசென்னைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் யாத்திரை இது. வழிக்கு வண்டி உண்டு. ஆனால் மூன்று கோயில்களிலும் வரிசையில் நிற்கவேண்டும், படி ஏறி இறங்கவேண்டும், வலம் வரவேண்டும், நமஸ்கரித்து எழவேண்டும். சென்ற முறை இரண்டாவது கோயிலிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது கோயிலை வண்டியிலிருந்தபடியே கும்பிட்டார். அவருடைய சங்கல்பம் இப்படி அமையலாம்: ‘இன்றிலிருந்து மூன்றாவது பௌர்ணமியில், மூன்று சன்னிதிகளிலும் என் காலால் நின்று, என் கையை ஊன்றியாவது நானே எழுந்து, தரிசனம் முடிப்பேன்.’

இதில் காலவரம்பு உண்டு, அளவு உண்டு, பயன் உண்டு. எடை எத்தனை கிலோ குறையவேண்டும் என்ற கணக்கு மட்டும் இல்லை. முதியவர்களுக்கு எடையை இலக்காக வைப்பது பெரும்பாலும் ஊக்கத்தைக் கெடுக்கும். அறுபதுக்குப் பிறகு பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். எதைச் செய்ய முடியவேண்டும் என்று கேட்டுக்கொள்வதே இந்த வயதுக்குப் பொருத்தம்.

இன்றைய நிலை என்ன?

புறப்படும் இடம் தெரியாமல் போய்ச்சேரும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வதில் பயனில்லை. இதை அளக்க வீட்டிலேயே எளிய வழி உண்டு. கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று மீண்டும் அமர முடிகிறது என்று எண்ணவேண்டும். அருகில் ஒருவர் நிற்கவேண்டும். 65 முதல் 69 வயதுக்குள் இருக்கும் ஆண் 12 முறைக்கும் பெண் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால், கீழே விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் கணிக்கின்றன. 75 முதல் 79 வயதினருக்கு இந்த எண்ணிக்கை ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. இவை அமெரிக்க முதியவர்களுக்கு வகுத்த அளவுகள். இங்கே அவற்றை ஒரு வழிகாட்டியாகக் கொண்டால் போதும். எண் குறைவாக வந்தால் கலங்கவேண்டாம். தொடக்கப் புள்ளி கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

பிரேசில் நாட்டு மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு நம் வழிபாட்டு முறைக்கு இன்னும் நெருக்கமானது. 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொன்னார்கள். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் குறைத்து, மொத்தம் 10-க்கு மதிப்பிட்டார்கள். 2012-இல் முடிவு வெளியாயிற்று. 8-க்கு மேல் பெற்றவர்களைவிட 3-க்குக் கீழே பெற்றவர்களிடம், தொடர்ந்த சில ஆண்டுகளில் இறப்பு பல மடங்கு மிகுதியாக இருந்தது. தரையிலிருந்து எழ முடியாமையே மரணத்தைக் கொண்டுவந்தது என்று இதற்குப் பொருளில்லை. தசைவலு, மூட்டுகளின் நெகிழ்வு, சமநிலை என எல்லாம் சேர்ந்தே ஒருவரை எழுப்புகின்றன. அவற்றின் தேய்வை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கிறது.

தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து பூஜித்து, விழுந்து வணங்கி எழுந்த தலைமுறை நாள்தோறும் இந்தப் பயிற்சியைப் பலமுறை செய்துவந்தது. ஆண்களுக்குச் சாஷ்டாங்க நமஸ்காரம், பெண்களுக்குப் பஞ்சாங்க நமஸ்காரம், பிள்ளையார் முன் தோப்புக்கரணம் என்று வகுத்தவர்கள் பயிற்சிக்கூடம் நடத்தியவர்கள் அல்லர். ஆயினும் சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் வீட்டுக்குள் வந்தபோது, அவற்றோடு ஒரு நஷ்டமும் உள்ளே வந்தது என்பதை மறுக்க முடியாது. மூட்டுத் தேய்வு உள்ளவர்கள் தரையில் அமரும் சோதனையைத் தாமாகச் செய்து பார்க்கவேண்டாம். அவர்களுக்கு நாற்காலியே போதும்.

தொண்ணூறு வயதில் என்ன செய்ய முடியும்?

இந்த வயதுக்குமேல் தசை வளருமா என்ற கேள்வி எழுவது இயல்பு. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த பத்துப் பேர், சராசரி வயது 90, எட்டு வாரங்கள் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி செய்தனர். இடையில் நின்றவர் ஒருவரே. மற்ற ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. கூடவே இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. அதை எடுத்துச் சொல்வோர் குறைவு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் வலுவில் 32 விழுக்காடு கரைந்துபோயிற்று. வங்கியில் போட்ட நிலையான வைப்புபோல் அது தானே வட்டி ஈட்டிக்கொண்டிருக்காது. மாதாமாதம் கட்டவேண்டிய தொடர் வைப்பைப் போன்றது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த யோகா ஆசிரியை நானம்மாள் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு வயது 98. இளமையிலேயே தொடங்கி, வாழ்நாள் முழுதும் ஆசனங்களை விடாது செய்தவர் அவர். அவரைப் பார்த்து ‘நமக்குக் காலம் கடந்துவிட்டது’ என்று பெருமூச்சு விடுவோருக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்கவேண்டும். பஞ்சாபில் உழவராக வாழ்ந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபௌஜா சிங், தமது முதல் மாரத்தான் ஓட்டத்தை 2000-இல் லண்டனில் ஓடினார். அப்போது அவருக்கு வயது 89 என்று கணக்கிடப்பட்டது. எல்லோரும் ஓடவேண்டும் என்பதன்று. எழுபதில் தொடங்குவது தாமதமன்று என்பதற்கு அவரே சான்று.

வழியில் விரைவு, பிராகாரத்தில் நிதானம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, முதியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான வேகத்தில் உடலை இயக்கவேண்டும். அத்துடன் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்யவேண்டும். நாள் கணக்கில் பார்த்தால் 22 நிமிட நடையில் 150 எட்டிவிடும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படும் முதியவர்கள் ஒன்றை அறியவேண்டும். அந்த எண் மருத்துவர்கள் விதித்ததன்று. 1960-களின் நடுவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து அது பரவியது. சராசரி வயது 72 ஆக இருந்த 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்குமேல் கூடுதல் பயன் தெரியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிராகார வலத்தை இந்த அடிகளின் கணக்கில் சேர்த்து, பக்தியையும் பயிற்சியையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். கையை வீசி, மூச்சிரைக்கச் சுற்றுவதற்குக் கோயில் பிராகாரம் ஓட்டப்பந்தயத் திடலன்று. நிறைமாதக் கர்ப்பிணி எண்ணெய்க் குடத்தைத் தலையில் சுமந்து நடப்பதுபோல் மெல்ல அடியெடுத்து வலம் வரவேண்டும் என்றே பெரியோர் கூறியுள்ளனர். அந்த மெல்லிய நடையிலும் உடலுக்கு நன்மை உண்டு. ஒற்றைக் காலில் உடலைத் தாங்கி மறுகாலை நிதானமாக எடுத்துவைப்பது சமநிலைக்கு நல்ல பயிற்சி. ஆனால் இதயமும் நுரையீரலும் கேட்கும் விரைவு நடையைக் கோயிலுக்குப் போகும் வழியில் வைத்துக்கொள்வதே முறை. ஒரு நிறுத்தம் முன்பாக இறங்கலாம்; மாட வீதிகளை ஒருமுறை சுற்றிவிட்டு உள்ளே நுழையலாம். பேச முடியும், பாட முடியாது என்ற அளவே மிதமான வேகம் என்பதற்கு அடையாளம்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ளவர்களுக்கு நடப்பதற்கு இடம் தேடுவதே ஒரு பிரச்சினை. மெரினாவில் போல இங்கே அகன்ற மணற்பரப்பு இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளே கரையின் பெரும்பகுதியில் காணப்படுகின்றன. சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையும் உண்டு. மார்கழி, தை மாத அதிகாலைகளில் பனியோடு புகையும் தாழ்ந்து தங்கும். ஆஸ்துமா முதலான மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் அந்த மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, பெருஞ்சாலையை விட்டு உட்தெருக்களில் நடப்பது நல்லது. திருக்கோயிலின் விசாலமான வெளிப்பிராகாரமும் அங்கே வரிசையாக எழுந்தருளியிருக்கும் 27 நட்சத்திர லிங்கங்களும் இந்தப் பகுதி முதியவர்களுக்கு எவ்வளவு பெரிய கொடை என்பது அப்போதுதான் விளங்கும். தத்தம் நட்சத்திர லிங்கத்தின் முன் ஒரு கணம் நின்று, அடுத்ததற்கு நகர்வது முதல் வாரத்துக்குப் போதுமான நடை.

மகிழமரமும் ஊன்றுகோலும்

உறுதிமொழியைப் பற்றிப் பேசும்போது திருவொற்றியூரில் சுந்தரரை நினையாமல் இருக்க இயலாது. ‘உன்னைப் பிரியேன்’ என்று சங்கிலி நாச்சியாருக்குச் சன்னிதியில் சபதம் செய்யவேண்டிய நிலையில், இறைவனைச் சற்றே மகிழமரத்தடியில் இருக்கும்படி வேண்டிக்கொண்டார் நம்பியாரூரர். இறைவனோ நாச்சியார் தரப்புக்குக் கனவில் அதை உணர்த்திவிட்டார். சபதம் மகிழடியிலேயே நிகழ்ந்தது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக ஆண்டுதோறும் அது கொண்டாடப்படுகிறது. பிறகு திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, சபதத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண்ணொளி மறைந்தது.

கதையை இந்த இடத்தோடு நிறுத்தி, வாக்குத் தவறியதற்குத் தண்டனை என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரியபுராணம் அங்கே நிற்கவில்லை. பார்வையிழந்த சுந்தரர் திரும்பி உட்காரவில்லை; நடந்தார். வடதிருமுல்லைவாயிலை அடைந்தார், அடுத்துத் திருவெண்பாக்கம் சென்று முறையிட்டார். இறைவன் கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தார். அந்தப் பழைய தலம் பூண்டி நீர்த்தேக்கத்தின் பொருட்டு இடம்பெயர்க்கப்பட்டு, ஊன்றீஸ்வரர் என்ற திருநாமத்தோடு இன்று பூண்டியில் விளங்குகிறது. வழியில் மின்னலாய் ஒளிகாட்டியதால் அம்மைக்கு மின்னொளி என்று பெயர். சுந்தரர் வெகுண்டு வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்றும் தலவரலாறு கூறும். வெகுண்டாலும் பயணத்தை அவர் விடவில்லை. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கியது. திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது. ஒற்றியூரிலிருந்து ஆரூர் வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. ஒவ்வொரு தலத்திலும் சிறிது சிறிதாகவே நலம் திரும்பியது.

பதினெட்டே ஆண்டுகள் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் அந்த இளைஞர் ஊன்றுகோலை ஏற்றார். எழுபது வயதைக் கடந்த பலர், மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும், கைத்தடியை எடுக்கக் கூசுகின்றனர். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். கைத்தடி இல்லாமல் வீட்டில் கிடப்பதைவிடக் கைத்தடியோடு சன்னிதியில் நிற்பது மேல். அதன் உயரம், நேராக நிற்கும்போது மணிக்கட்டின் மட்டத்துக்கு இருக்கவேண்டும். வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பலர் வலிக்கும் காலின் பக்கமே பிடித்துத் துன்பப்படுகின்றனர். தரையில் வழுக்காதபடி நுனியில் ரப்பர் பூண் வேண்டும். அது தேய்ந்ததும் மாற்றவேண்டும்.

இதே ஒற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனாரின் சரிதமும் ஒரு வகையில் இதற்கு இணையானது. கோயில் முழுதும் திருவிளக்கு ஏற்றுவதை நியமமாகக் கொண்ட எண்ணெய் வணிகர் அவர். செல்வம் கரைந்தபோது பிறருடைய எண்ணெயைக் கூலிக்கு விற்றார். அதுவும் அற்றபோது செக்காட்டும் கூலியாளானார். நோக்கம் மாறவில்லை, வழியை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் எண்ணெய்க்குப் பதிலாக உதிரத்தையே நிறைக்கத் துணிந்து கழுத்தில் கருவியை வைத்தபோது, இறைவனே அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். உடம்பை அழிக்கும் எல்லைக்குப் பக்தி போகும்போது, தடுத்த கை ஆண்டவனுடையது.

விரதத்தின் பெயரால் உடம்பை வருத்திக்கொள்ளும் முதியவர்கள் இந்தக் கையை நினைத்துப் பார்க்கவேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், பௌர்ணமி விரதம் என்று உண்ணாமல் நெடுந்தூரம் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே சர்க்கரையோ இனிப்போ வாயிலிடவேண்டும். விரத நாளில் மருந்தின் அளவைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். பாத உணர்வு மங்கியவர்கள் உச்சிவெயிலில் சுடும் கருங்கல் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்தது தெரியாமலே வீடு திரும்புவதுண்டு. வலம் வருவதைக் காலைக்கோ மாலைக்கோ மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். நடக்கும்போது மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அன்றைய எண்ணிக்கையை முடிக்கவேண்டும் என்ற பிடிவாதம் கூடாது. அமர்ந்துவிடவேண்டும், உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும்.

ஸ்ரீராமஜெயம் நோட்டுப் புத்தகம்

ஸ்ரீராமஜெயம் எழுதும் வழக்கமுள்ள இல்லங்கள் ஏராளம். நாளுக்கு இத்தனை என்று கணக்கு வைத்து, நோட்டுப் புத்தகங்களை நிறைத்து, லட்சத்தையும் கோடியையும் எட்டிய மூத்தோர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இலக்கை அடைவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நடந்த நிமிடங்கள், நாற்காலியிலிருந்து எழுந்த எண்ணிக்கை என மூன்று கட்டங்களைப் போட்டுக்கொள்ளலாம். முதல் வாரம் நாள்தோறும் 10 நிமிட நடையும், காலை மாலை ஐந்தைந்து முறை நாற்காலியிலிருந்து எழுவதும் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்கள், ஓரிரு எண்ணிக்கை கூட்டிக்கொண்டே போகலாம். பல் துலக்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடிகள் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒருநாள் விட்டுப்போனால் விரதபங்கம் என்று எண்ணி, முழுவதையும் கைவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இது தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் அன்று. காய்ச்சல் வந்தால் ஓய்வெடுக்கலாம். மழை பெய்தால் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் பார்த்ததில், ஒரு புதிய செயல் இயல்பான பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. நம் முன்னோர் வகுத்த ஒரு மண்டலமான 48 நாட்கள் இந்தச் சராசரிக்குச் சற்றே குறைவு. ஒரு மண்டலத்தில் வசப்படாதவர்கள் இரண்டாம் மண்டலத்தைத் தொடங்கவேண்டியதுதான்.

திருவொற்றியூரில் புற்று வடிவாய் எழுந்தருளியிருக்கும் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களையப்பட்டு, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாற்றப்பட்ட திருமேனியைத் தரிசிக்க முடியும். அந்த மூன்று நாட்களும் வரிசை வெளியே வீதி வரை நீளும், மணிக்கணக்கில் நிற்கவேண்டியிருக்கும். புரட்டாசி பிறக்கும் நாளில் நோட்டைத் திறந்து முதல் பத்து நிமிடங்களை எழுதுபவருக்கு, கார்த்திகைப் பௌர்ணமிக்குள் ஒரு மண்டலம் முடிந்து, மேலும் சில நாட்கள் கையில் மிஞ்சும்.